கல்லில் நின்ற காலம் – அத்தியாயம் 7: மவுண்ட் ரோட்டு நீல் சிலை

கான்பூரில் பீபீகர் கிணற்றின் மேல் ஆங்கிலேயர் எழுப்பிய பளிங்குத் தேவதையின் சரித்திரத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1857-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் தேதி, அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய 200 பெண்டிரும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்ட பாதகத்தை எந்த நியாயம் கொண்டும் மூடிவிட முடியாது என்றும், மாண்டவர்களை நினைத்து ஒரு சமூகம் அழுது எழுப்பிய சின்னத்தை நாம் மரியாதையோடு நோக்க வேண்டும் என்றும், ஆயினும் அந்தத் தோட்டத்துக்குள் இந்த நாட்டுப் பிரஜைகள் சுயேச்சையாகக் காலெடுத்து வைக்க முடியாதபடி நீண்ட காலம் தடுத்து வைத்ததனால் துக்கத்தின் சின்னமே அவமதிப்பின் சின்னமாகவும் ஆகிவிட்டது என்றும் எழுதியிருந்தேன். அதே கான்பூரோடும் அதே கிணற்றோடும் பிணைந்த ஒரு மனிதரின் உருவத்தைக் காண்பதற்கு நாம் இனி வடக்கே யாத்திரை போக வேண்டியதில்லை. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அது நம் சென்னைப் பட்டணத்தின் பிரதான வீதியிலேயே நின்றுகொண்டிருந்தது.

மவுண்ட் ரோடு என்று நம் பாட்டனார் காலத்தில் வழங்கி இன்று அண்ணா சாலையாகிவிட்ட அவ்வீதியில், ஸ்பென்சர் கம்பெனியின் கட்டடத்துக்குச் சமீபமாக, உயர்ந்த பீடமொன்றின் மேல் வெண்கலத்தில் வார்த்த ராணுவ அதிகாரி ஒருவரின் உருவம் ஸ்தாபிக்கப்பட்டிருந்தது. அதை வடித்தவர் மாத்யூ நோபிள் என்னும் லண்டன் சிற்பி. விக்டோரியா மகாராணியின் காலத்தில் பிரபுக்களும் சேனாதிபதிகளும் தம் உருவம் நிலைக்க வேண்டுமென்று நாடிய சிற்பிகளுள் அவரும் ஒருவர். 1860-ஆம் ஆண்டையொட்டிப் பொதுச் சந்தாவினால் எழுந்த அச்சிலையின் பீடத்தில், வங்காளத்தில் பெருக்கெடுத்த கலக வெள்ளத்தை முதன்முதலாகத் தடுத்து நிறுத்தியவர் இவரே என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பதாகப் புகழும் ஆங்கில வாசகம் பொறித்திருந்தார்கள். அந்த வெள்ளம் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதைப் பற்றிப் பீடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லுவதற்கு மற்றொரு தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் வர வேண்டியிருந்தது.

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தின் ஏர் நகரத்தையொட்டிப் பிறந்தவர். பதினேழாம் பிராயத்தில், 1827-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் சேர்ந்து, அந்தப் படையின் சரித்திரத்தை ஒரு நூலாகவே எழுதி வெளியிடுமளவுக்கு அதன்மேல் பற்றுக் கொண்டிருந்தார். இரண்டாம் பர்மா யுத்தத்திலும், கிரிமியா யுத்தத்தின்போது துருக்கிய சேனையிலும் பணிபுரிந்து திரும்பியவர், 1857-ன் வசந்தத்தில் தம் பழைய படைக்கே தலைவரானார். அப்படையின் பெயரில் மதராஸ் இருந்ததேயன்றி அதன் சிப்பாய்களில் நம்மவர் எவரும் இல்லை. முற்றும் ஐரோப்பியராலான படை அது. மதராஸ் ராஜதானியின் சுதேசிச் சிப்பாய்கள் பெரும்பாலும் அந்த வருஷம் கம்பெனியின் பக்கமே நின்றார்கள் என்பது உண்மை. ஆயினும் சம்பளக் குறைகளை முன்னிட்டு வங்காளத்துக்குப் போக மறுத்த எட்டாவது மதராஸ் குதிரைப்படை பூந்தமல்லியில் நிராயுதபாணியாக்கப்பட்டது என்பதும் உண்மையே. தென்னாடு முழுவதும் அமைதியில் உறங்கிற்று என்று எழுதிவைத்த சரித்திரக்காரர்கள் இந்தச் சம்பவத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவது வழக்கமாதலால் இங்கே அதைக் குறித்து வைக்கிறேன்.

மே மாதத்தில் மீரட்டிலும் தில்லியிலும் கிளர்ச்சி மூண்ட செய்தி எட்டியதும் நீல் தம் படையோடு சென்னையிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா சேர்ந்தார். அவருடைய சுபாவத்தை விளக்க ஹௌரா ரெயில்வே ஸ்டேஷனில் நடந்த ஒரு சம்பவத்தை ஆங்கிலேயர் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஆற்றைக் கடந்து வருவதற்குத் தாமதமாகவே, ரெயில் யாருக்காகவும் காத்திராது என்று சொன்ன ஸ்டேஷன் அதிகாரியையும் எஞ்சின் ஓட்டுபவரையும் அவர் காவலில் வைத்துவிட்டு, கடைசிச் சிப்பாய் ஏறிய பிறகுதான் வண்டியைப் புறப்பட விட்டாராம். தாம் எண்ணியதற்குக் குறுக்கே நிற்கும் விதி எதுவாயினும் அதைத் தள்ளிவிட்டுப் போகும் அந்த மனோதைரியத்தை லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. அதே மனோபாவம், விதியாலும் விசாரணையாலும் மட்டுமே உயிர்ப் பாதுகாப்புப் பெற்றிருந்த ஜனங்களின் நடுவில் போய் நின்றபோது என்ன ஆயிற்று என்பதைக் காசி கண்டது.

ஜூன் 4-ஆம் தேதி காசியில் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க முயன்றபோது குழப்பம் விளைந்து துப்பாக்கிகள் வெடித்தன. அந்த வேளையில் நீல் படைத்தலைமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அதன் பின் நடந்தவற்றைக் கூறுவதற்கு நம்மவர் எழுதிய நூல் எதையும் நான் நாடவில்லை. சிப்பாய் யுத்தத்தின் பெரிய சரித்திரத்தை எழுதிய சர் ஜான் கே, கம்பெனியின் ராணுவத்தில் பணியாற்றியவர்; பின்னர் லண்டனில் இந்தியா ஆபீஸிலும் இருந்தவர்; ஆங்கில ஆட்சியின் நன்மையில் பூரண நம்பிக்கை கொண்டவர். அவரே எழுதுகிறார்: தூக்கிலிடுவதற்கென்று ஐரோப்பியர் கோஷ்டி கோஷ்டியாகக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள், மாமரக் கிளைகள் தூக்குமரங்களாயின, யானையின் முதுகில் நிற்க வைத்துக் கழுத்தில் கயிற்றை மாட்டி யானையை ஓட்டிவிட்டார்கள். கலகக் கொடியை ஆட்டிக்கொண்டும் தப்பட்டை தட்டிக்கொண்டும் போனார்களென்று சில சிறுவர்கள் பிடிபட்டார்கள். அது வெறும் விளையாட்டாகவும் இருந்திருக்கலாம் என்று கேயே சொல்லுகிறார். ராணுவ விசாரணையில் அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை விதித்தவர்களில் ஒருவரான ஆங்கில அதிகாரி கண்ணீரோடு படைத்தலைவரிடம் சென்று, அந்தப் பிள்ளைகளை விட்டுவிடும்படி மன்றாடினார். அவருடைய மன்றாட்டு பலிக்கவில்லை.

அந்தக் கண்ணீரைச் சற்று நின்று நோக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். அக்காலத்து நியாயத்தை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாகாது என்று இத்தகைய விஷயங்களில் ஓர் ஆட்சேபம் எழுவது வழக்கம். ஆனால் அந்த அதிகாரி நம் காலத்தவர் அல்லர். அதே படையில், அதே வெயிலில், அதே அபாயத்தின் நடுவில் நின்றவர். குழந்தைகளைத் தூக்கிலிடுவது அதர்மம் என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. ஆகவே தெரியாமல் செய்த காலத்தின் பிழையென்று இதைத் தள்ளிவிட வழியில்லை.

காசியிலிருந்து நீல் பிரயாகைக்குச் சென்றார். ஜூன் 11-ஆம் தேதி அலகாபாத் கோட்டையை அடைந்து சில நாட்களுக்குள் நகரத்தை மீட்டவர், சுற்றுப்புறத்துக் கிராமங்களின்மேல் படைகளை ஏவினார். அடுத்து, கான்பூரை நோக்கி முன்னணிப் படையோடு மேஜர் ரெனாடை அனுப்பியபோது, வழியிலுள்ள சில கிராமங்களைப் பெயர் குறித்து, அவற்றை அழித்து அங்குள்ள ஆடவர் அனைவரையும் கொன்றுவிட வேண்டும் என்று எழுத்து மூலமாகவே உத்தரவு கொடுத்தார். பின்னால் அதே பாதையில் ஆங்கிலத் தளபதி ஹாவ்லக்கின் படை சென்றபோது எரிந்த ஊர்களையும் மரங்களில் தொங்கிய சவங்களையும் கண்டுகொண்டே நடந்தது.

இங்கே தேதிகளை ஒருமுறை நிதானமாக நோக்குவது அவசியம். நீலின் கொடுமைகளைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட ஆங்கிலேயர்களிலும் பலர், கான்பூர்ப் படுகொலையைக் கேட்டு இரத்தம் கொதித்த மனிதர் வேறென்ன செய்வார் என்று சமாதானம் கூறினார்கள். கான்பூரின் சதீசௌரா துறையில் படகேறிய ஆங்கிலேயர்கள் சுடப்பட்டது ஜூன் 27-ஆம் தேதி. பீபீகர்ச் சம்பவம் ஜூலை 15-ஆம் தேதி. காசியின் மாமரங்களில் கயிறுகள் தொங்கியதும் பிரயாகையின் கிராமங்கள் எரிந்ததும் அவற்றுக்கு முன்னால், ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களில். மே மாதத்தில் மீரட்டிலும் தில்லியிலும் ஆங்கிலேயக் குடும்பங்கள் கொல்லப்பட்டிருந்தன என்பதை மறக்கவில்லை. அதையும் குற்றம் என்றே சொல்லுகிறேன். ஆனால் கான்பூருக்குப் பழியாகக் காசியில் தூக்கிலிட்டார்கள் என்ற கதை பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே பொய்யாகிவிடுகிறது. பழிக்குப் பழி என்ற சங்கிலியின் முற்பட்ட கண்ணிகள் எவை என்று கேட்டால், பீபீகருக்கு முன்னே காசியும் பிரயாகையும் வந்து நிற்கின்றன.

ஜூலை 20-ஆம் தேதி நீல் கான்பூரை அடைந்தார். பீபீகரின் தரையில் உறைந்து கிடந்த இரத்தத்தைப் பார்த்த எந்த மனிதனின் நெஞ்சும் துடித்திருக்கும். அவர் நெஞ்சும் துடித்ததில் ஆச்சரியமில்லை. அவர் ஜூலை 25-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவோ, மரண தண்டனையைக் காட்டிலும் கொடியதொன்றை நாடிற்று. தூக்கிலிடப்படப் போகிறவர் ஒவ்வொருவரும், அதற்கு முன்னால், அந்தத் தரையில் ஒரு பகுதியைத் தம் கையால் சுத்தம் செய்ய வேண்டும், ஜாதியிலும் பதவியிலும் உயர்ந்தவர்களையே இதற்கு முக்கியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், மறுத்தால் சவுக்கடி. மறுமை உண்டென்று நம்பிய மனிதர்களிடமிருந்து அந்த நம்பிக்கையையும் பறித்துக்கொண்டு அனுப்புவதே நோக்கம். சிவில் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்த ஒரு முஸ்லிம் சவுக்கால் அடிக்கப்பட்டு, அந்த இரத்தத்தை நாவால் தொடும்படி செய்யப்பட்டார் என்று நீலின் கடிதமே சொல்லுகிறது. இதிலெல்லாம் ஆண்டவனின் கரத்தைத் தாம் காண்பதாக அவர் எழுதிவைத்தார். அவ்வருஷம் சில மாதங்களுக்குப் பின் கான்பூருக்கு வந்த பிரதம சேனாதிபதி காலின் காம்பெல், கிறிஸ்தவ ஆட்சிக்கு இது தகாதென்று சொல்லி அந்த வழக்கத்தை நிறுத்தினார்.

அதற்குள் நீல் உயிரோடில்லை. செப்டம்பர் 25-ஆம் தேதி லக்னோ நகரத்துத் தெருவொன்றில் குண்டு தலையில் பாய்ந்து அவர் மாண்டார். போர்க்களத்தில் அவர் கோழையாக இருந்ததில்லை என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இறந்தவருக்குப் பட்டங்களும் மரியாதைகளும் குவிந்தன. பிறந்த ஊரான ஏரில் ஒரு சிலை, உத்தியோகம் பார்த்த சென்னையில் ஒரு சிலை, அந்தமான் கடலில் ஒரு தீவுக்கு அவர் பெயர்.

பிறகு ஒரு நீண்ட மௌனம். மவுண்ட் ரோடில் குதிரை வண்டிகள் போய் டிராம் வண்டிகள் வந்தன. டிராமோடு மோட்டார்களும் வந்தன. அந்த மதராஸ் படையே பெயர் மாறி டப்ளின் படையாகி, 1922-ல் கலைக்கப்பட்டும் போயிற்று. சிலை மாத்திரம் நின்றது. காய்கறிக் கூடையோடும் கச்சேரிக் கட்டுகளோடும் அதைக் கடந்து சென்ற எத்தனையோ ஆயிரம் ஜனங்களுக்கு அவர் யாரோ ஒரு துரை, அவ்வளவே. 1857-ஐ சுதந்திர யுத்தமென்று கூறி சாவர்க்கர் எழுதிய நூல் 1909-லேயே தடை செய்யப்பட்டிருந்தது. ஆனால் கே முதலியோரின் ஆங்கிலச் சரித்திரங்களை எந்தச் சர்க்காரும் தடை செய்யவில்லை. அவற்றைப் படித்து, தாங்கள் தினமும் கடந்து செல்லும் வெண்கல உருவம் எவருடையது என்பதை அறிந்த வாலிபர்களுக்கு அந்த வீதியே வேறு வீதியாகிவிட்டது.

1927-ஆம் ஆண்டில் நாகபுரியில், ஆயுதச் சட்டத்தை எதிர்த்து மஞ்சர்ஷா அவாரி என்பவர் வாள் சத்தியாக்கிரகம் ஒன்றை நடத்தினார். ஒத்துழையாமை இயக்கம் ஓய்ந்து, தேசம் சோர்ந்து கிடந்த அந்த நாளில் அது தமிழ்நாட்டுத் தொண்டர்களின் உள்ளத்தைக் கிளப்பிற்று. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் நீல் சிலையை அகற்றும் சத்தியாக்கிரகம் ஆகஸ்ட் மாதத்தில் ஆரம்பமாயிற்று. மதுரையிலிருந்து வந்த சுப்பராயலு, முகமது சாலியா என்ற இரண்டு தொண்டர்கள் கோடரியும் சுத்தியலும் ஏந்திப் பட்டப்பகலில் சிலையை அணுகி அதை அடித்துச் சிதைக்க முற்பட்டு, போலீஸாரிடம் தங்களை ஒப்புவித்துக்கொண்டார்கள். வடக்கே ஹிந்து முஸ்லிம் கலகங்கள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலம் அது. 1857-ல் ஒரே மாமரத்தில் தொங்கிய இரு மதத்தினரின் பெயரால், எழுபது ஆண்டுகளுக்குப் பின் இரு மதத்தவரும் ஒன்றாகப் போய் நின்றார்கள் என்பது என் உள்ளத்தை நெகிழ்விக்கிறது.

அதற்குப் பின் ராஜதானியின் பல ஜில்லாக்களிலிருந்தும் தொண்டர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒளிந்து வந்து இரவில் உடைத்துவிட்டுப் போவது எளிது. ஒரு வெண்கலச் சிலையை இருட்டில் சேதப்படுத்தப் பெரிய வீரம் தேவையில்லை. இவர்கள் செய்தது அதற்கு நேர் மாறானது. ராஜதானியின் தலைநகரத்தில், அதிகாரத்தின் கண்ணெதிரே, ஒரு அடியோ இரண்டடியோ அடித்துவிட்டுக் கையை நீட்டி விலங்கை ஏற்றுக்கொள்ளும்போது, சிலைக்கு நேர்ந்த சேதம் சொற்பமாகவும் தொண்டருக்கு நேர்ந்த தண்டனை அதிகமாகவும் இருந்தது. சில வாரம் முதல் ஒரு வருஷம் வரை சிறைவாசம் விதித்தார்கள். இந்த மனிதரை நாங்கள் எங்கள் வீதியில் வைத்து மரியாதை செய்யச் சம்மதிக்கவில்லை என்பதை, ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்து அறிவித்தார்கள்.

அவர்களில் கடலூர் அஞ்சலை அம்மாளைப் பற்றித் தனியே சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1890-ல் கடலூர் முதுநகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பெரிய படிப்பில்லாமல், 1921-ன் ஒத்துழையாமை இயக்கத்தில் பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். நம் வீடுகளில் பெண்கள் திண்ணையைத் தாண்டுவதே விவாதத்துக்குரியதாயிருந்த நாளில், அவர் தம் மகள் அம்மாக்கண்ணுவையும் உடனழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து நீல் சிலையின் முன் சத்தியாக்கிரகம் செய்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது ஒன்பதுதான். தாயும் மகளும் இருவருமே தண்டனை பெற்றார்கள். காசியில் கொடி பிடித்த சிறுவர்களைத் தூக்கிலிட்ட ஒரு ஆட்சியின் வெண்கல நினைவை எதிர்த்து, அந்தச் சிறுவர்களின் பிராயத்தையொத்த ஒரு சிறுமி வந்து நின்றாள். இதை யாரும் திட்டமிட்டு அமைத்திருப்பார்களென்று நான் எண்ணவில்லை. திட்டமிடாமல் இவ்வாறு நேர்ந்ததே அதன் பெருமை. காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது தாயையும் மகளையும் சந்தித்தார். அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்.

செப்டம்பர் மாதத்தில் கதர் யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகளின் முன் இந்த இயக்கம் ஒரு தர்மசங்கடமான கேள்வியை வைத்தது. சுத்தியலை ஓங்குவது அஹிம்சையாகுமா? சிலைக்கு உயிரில்லை என்று சொல்லி எளிதில் தப்பிவிடலாம். அவர் அப்படித் தப்பவில்லை. தொண்டர்களோடு உட்கார்ந்து பேசினார். ‘யங் இந்தியா’விலும் எழுதினார். அத்தகைய சிலை பொது வீதியில் நிற்கலாகாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். இறந்துபோன தனிமனிதர்மீதோ ஆங்கில ஜாதியின்மீதோ துவேஷம் கலவாமலும், ரகசியமென்பதே இல்லாமலும், கட்டுப்பாட்டை மீறாமலும் அது நடைபெற வேண்டும் என்பதே அவர் விதித்த வரம்பு.

துவேஷம் கலக்கவில்லை என்பதற்கு என்னால் ஒரு சாட்சி காட்ட முடியும். அதே மவுண்ட் ரோடின் வழியே வடக்கே சென்றால் தீவுத்திடலில் சர் தாமஸ் மன்றோ குதிரையின்மேல் வீற்றிருக்கிறார். சாண்ட்ரி என்ற மகா சிற்பி செய்த அச்சிலை 1839 முதல் அங்கே இருக்கிறது. மன்றோவும் கம்பெனியின் சேனாதிபதியே. மைசூர் யுத்தங்களில் போரிட்டவரே. இந்த ராஜதானியை ஆண்டவரே. ஆயினும் குடியானவனோடு நேரே பேசி நிலவரியை ஒழுங்குசெய்தவர், 1827-ல் பதவிக் காலத்திலேயே பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தவர் என்ற ஞாபகம் ஜனங்களிடையே இருந்தது. ராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு. 1927-ல் சுத்தியலோடு வந்த தொண்டர் எவரும் மன்றோவை நாடிச் செல்லவில்லை. அந்நியர் சிலை என்பதற்காக வெறுத்திருந்தால் முதலில் கண்ணில் படுவது குதிரையோடு நிற்கும் அந்தப் பெரிய உருவம்தான். ரயத்துவாரி முறையின் வரிச்சுமையைப் பற்றி வேறு அபிப்பிராயம் கொண்டவர்கள் மன்றோவோடு வழக்காடலாம். நானும் ஓரிரண்டு இடங்களில் வழக்காடுவேன். அது அறிஞர் சபையில் நடக்கும் வழக்கு. நீலின் விஷயத்தில் அவர் கொன்ற குழந்தைகளின் உறவினர் முகத்துக்கு நேரே அவரை உயர்த்தி வைத்திருப்பது தகுமா என்ற கேள்வி, அறிவாராய்ச்சிக்கு முன்னால் மானத்தைத் தொடுவது.

பழைய சம்பவங்களைக் கிளறிப் பகைமையை வளர்க்கலாமா என்றும், சிலையை எடுத்துவிட்டால் சரித்திரம் மாறிவிடுமா என்றும் கேட்டவர்கள் உண்டு. அவர்களில் நல்லெண்ணமுடையவர்களும் இருந்தார்கள். சிலை சரித்திரமன்று. ஒரு சமூகம் தன் சரித்திரத்திலிருந்து யாரைப் பொறுக்கியெடுத்து இவரைப் போல் ஆகுங்கள் என்று தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிறதோ அந்தத் தேர்வே சிலை. 1860-ல் அந்தத் தேர்வைச் செய்தவர்கள் சென்னையின் ஐரோப்பியர். மற்ற ஜனங்களை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாதவர்கள் பிற்பாடு தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்தால், பகையைக் கிளறுவதாகச் சொல்லுவது நியாயமாகத் தோன்றவில்லை.

சட்டசபையில் சிலையை அகற்றக் கோரும் தீர்மானம் வந்தது, அது தோற்றது. கவர்னராக கோஷன் பிரபுவும் முதல் மந்திரியாக டாக்டர் சுப்பராயனும் இருந்த காலம் அது. விருதுநகர் காமராஜ், அப்பொழுது 24 வயது வாலிபர், போராட்டத்தின் தலைமையை ஏற்கத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். இதற்கிடையே இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் கமிஷன் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் சென்னையிலேயே கூடிய காங்கிரஸ் மகாசபை அதைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. தேசத்தின் கவனமும் தொண்டர்களின் பலமும் அந்தப் பக்கம் திரும்பின. நீல் சிலைச் சத்தியாக்கிரகம் ஓய்ந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் மவுண்ட் ரோடு வழியாகத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது சிலை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தோல்வி என்றுதான் அன்று எழுதியிருப்பார்கள்.

பத்து ஆண்டுகள் சென்றன. உப்புச் சத்தியாக்கிரகமும் அதன் பின் வந்த அடக்குமுறைகளும் கழிந்து, 1937-ல் ராஜாஜியின் தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. ஒன்பது வயது மகளோடு சிறை சென்ற அஞ்சலை அம்மாள் அவ்வாண்டுத் தேர்தலில் வென்று சட்டசபையில் அங்கத்தினராக உட்கார்ந்திருந்தார். 1927-ல் தீர்மானம் தோற்றபோது முதல் மந்திரியாயிருந்த சுப்பராயன், இப்போது காங்கிரஸில் சேர்ந்து ராஜாஜியின் சகாக்களில் ஒருவராக இருந்தார். மனிதர்கள் மாறுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நியாயம் வெற்றி பெறுவதென்றால் நேற்று அதை ஏற்காதிருந்த சபைகளும் இன்று ஏற்பதுதானே? அவ்வாண்டிலேயே சர்க்கார் உத்தரவினால் நீல் சிலை பீடத்தினின்றும் இறக்கப்பட்டு எழும்பூர் மியூசியத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. சுதந்திரம் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, ஆங்கிலக் கவர்னர் இன்னும் பதவியில் இருக்கும்போதே, இது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

உருக்கிவிடாமல் மியூசியத்தில் வைத்தது விவேகம் என்றே நான் கருதுகிறேன். உருக்கியிருந்தால், இப்படி ஒருவர் இருந்தார், அவருக்கு நம் வீதியில் சிலை வைத்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் நம்புவது கடினம். வீதியில் இருந்தபோது அது புகழ்ந்தது. மியூசியத்தில் அது சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல வேண்டுமானால் வெண்கலம் மட்டும் போதாது. காசியும் பிரயாகையும் பீபீகர் உத்தரவும், சோமயாஜுலு, சுப்பராயலு, முகமது சாலியா, அஞ்சலை அம்மாள், அம்மாக்கண்ணு என்ற பெயர்களும் தமிழில் பெரிய எழுத்துக்களில் அதன் அருகே இருக்க வேண்டும். தில்லியில் இதற்கு முன்மாதிரி உண்டு. கலகத்தை அடக்கிய படையினரின் ஞாபகார்த்தமாக ஆங்கிலேயர் 1863-ல் மலைமுகட்டில் எழுப்பிய சிவந்த கோபுரத்தை இடிக்காமல் அஜீத்கட் என்று பெயர் மாற்றி, அதன் கல்வெட்டில் பகைவர் என்று குறிக்கப்பட்டவர்கள் இந்நாட்டின் விடுதலைக்காக உயிர் நீத்த தியாகிகள் என்று 1972-ல் மற்றொரு பலகை பதித்தார்கள். பழைய வாசகமும் இருக்கிறது, அதற்குரிய பதிலும் இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டுப் பார்வையாளர் இறங்கி வருகிறார். அந்தமானில் நீலின் பெயர் தாங்கிய தீவுக்கும் 2018-ல் ஷஹீத் தீவு என்று பெயரிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஏர் நகரத்துச் சதுக்கத்திலோ நோபிள் வடித்த மற்றொரு நீல் இன்றும் பீடத்தின்மேல் நிற்கிறார். அவரை என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த ஊரார்.

சென்னையில் தோற்றதாகக் காணப்பட்ட முறை வீணாகவில்லை. 1756-ல் வங்காள நவாப் சிராஜுத்தௌலாவின் இருட்டறைச் சிறையில் மாண்ட ஆங்கிலேயரின் பெயரால் கல்கத்தாவில் ஹால்வெல் எழுப்பிய ஸ்தம்பம் ஒரு முறை மறைந்து, 1902-ல் கர்ஸன் பிரபுவின் ஆக்ஞையினால் டல்ஹௌஸி சதுக்கத்தில் பளிங்கில் மறுபடியும் எழுந்து நின்றது. 1940 ஜூலை மாதத்தில் அதை அகற்றுவதற்கென்று ஹிந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே திரட்டிக்கொண்டு புறப்படத் தீர்மானித்தவர் சுபாஷ் சந்திர போஸ். புறப்படுவதற்கு முதல் நாளே அவரைச் சிறைப்பிடித்தார்கள்; சில வாரங்களில் ஸ்தம்பம் செயின்ட் ஜான் மாதா கோயிலின் வளாகத்துக்குப் பெயர்ந்தது; சுபாஷோ இந்திய மண்ணில் அதன்பின் வேறு கிளர்ச்சி எதையும் நடத்த வாய்ப்பில்லாமல், வீட்டுக் காவலிலிருந்து மறைந்து காபூல் வழியே சென்றுவிட்டார். அந்த இருட்டறையில் மாண்டவர் எத்தனை பேர் என்ற தொகையைப் பற்றிய பெரிய வழக்கையும், ஸ்தம்பத்தின் கதையையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.